99 வெள்ளியில் தொடங்கிய லோக் இயூ: உழைப்பு மட்டுமே உயர்த்தியதா?

கோலாலம்பூரிலிருந்து சிராஸ் பக்கம் போய் வருபவர்களுக்கு ஜாலான் லோக் இயூ தெரியாமல் இருக்காது. மாலை நெரிசலில் அந்தச் சாலையில் சிக்கிக்கொண்டு தவித்தவர்கள் ஏராளம். ஆனால் யார் இந்த லோக் இயூ என்று கேட்டால், பழைய காலத்துச் சீனப் பணக்காரர் என்பதற்கு மேல் பலருக்கும் சொல்லத் தெரியாது.

வெறுங்கையோடு கப்பல் ஏறி வந்து, மலாயாவின் மிகப் பெரிய செல்வந்தராக உயர்ந்தவர் அவர். உழைத்தால் உயரலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல நினைக்கும் பெற்றோருக்கு அவரைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. ஆனால் அவர் கதையை முழுதாகப் படித்தால் இன்னொரு கேள்வியும் எழும். அதே காலத்தில், அதே மண்ணில், அவரைப் போலவே உழைத்த பல்லாயிரம் பேர் ஏன் உயரவில்லை? அந்தப் பல்லாயிரம் பேரில் நம் பாட்டன் பூட்டன்களும் உண்டு என்பதால், இது நமக்கும் உரிய கேள்விதான்.

மளிகைக் கடைப் பையன்

லோக் இயூ 1845-ஆம் ஆண்டில் தென்சீனாவின் குவாங்டோங் மாநிலத்தில் விவசாயக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். குடும்பப் பெயர் வோங். லோக் இயூ என்பது அவருக்கு இட்ட பெயர். பிற்காலத்தில் அந்தப் பெயரின் முதல் பாதியே அவர் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டது.

அந்தக் காலத்துத் தென்சீனாவில் பஞ்சமும் உள்நாட்டுக் கலவரமும் மாறி மாறி வந்தன. நிலம் போதாத குடும்பங்கள் பிள்ளைகளைக் கடல் தாண்டி அனுப்பின. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிய தமிழர்களின் நிலைமையும் அதேதான். லோக் இயூ சிங்கப்பூரில் வந்து இறங்கியபோது அவருக்கு 13 வயது. பள்ளிப் படிப்பு என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை.

மார்க்கெட் ஸ்ட்ரீட் பகுதியில் ஒரு கடையில் வேலை கிடைத்தது. சம்பளம் மாதம் 20 வெள்ளி. நான்கு ஆண்டுகள் அங்கே வேலை செய்து அவர் சேர்த்த பணம் 99 வெள்ளி என்று அவருடைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் மாதத்துக்கு 2 வெள்ளி. சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு. வீட்டுக்கு அனுப்பியது போக, உண்டது உடுத்தியது போக, ஒரு பையன் விடாமல் மாதம் 2 வெள்ளியை எடுத்து வைத்தான் என்பது சாதாரணக் காரியம் அன்று.

அந்த 99 வெள்ளியை முதலாகப் போட்டுத் தோங் ஹிங் லூங் என்ற பெயரில் சொந்தக் கடை திறந்தார். அப்போது அவருக்கு 20 வயதுகூட நிரம்பவில்லை.

இந்த இடம் வரை அவர் கதையில் உழைப்பும் சிக்கனமும்தான் தெரிகின்றன. அதற்குப் பின்னால் நடந்தவை வேறு கணக்கு.

60,000 வெள்ளி போன கதை

அன்றைய சிங்கப்பூர்க் கடைத்தெருவில் எல்லாரும் பேசிக்கொண்டது பேராக் ஈயத்தைப் பற்றித்தான். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உணவுப் பொருள்களைத் தகரக் குவளையில் அடைத்து விற்கத் தொடங்கியிருந்தார்கள். தகரத்துக்கு மேல் பூச ஈயம் வேண்டும். உலகத்தில் ஈயம் கொட்டிக் கிடந்த இடங்களில் ஒன்று தைப்பிங் வட்டாரத்தில் இருக்கும் லாருட்.

லோக் இயூ கடையை வேறொருவர் பொறுப்பில் விட்டுவிட்டு லாருட்டுக்குப் போனார். ஈயச் சுரங்கத்தில் பணம் போட்டார். நான்கு ஆண்டுகளில் சுமார் 60,000 வெள்ளி நட்டம். 99 வெள்ளியில் தொடங்கியவர் கையில் அவ்வளவு பெரிய தொகை புரண்டது என்றால், வியாபாரிகள் மத்தியில் அவருடைய பேச்சுக்கு எவ்வளவு மதிப்பு இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். உழைப்பில் குறை இல்லாத அதே ஆள்தான் இந்த நட்டத்தையும் பார்த்தார். பூமிக்கு அடியில் ஈயம் எங்கே இருக்கிறது என்பதும், லண்டன் சந்தையில் விலை ஏறுமா இறங்குமா என்பதும் சுரங்கத்தில் வியர்வை சிந்துகிறவன் கையில் இல்லை.

லாருட்டில் அப்போது அமைதியும் இல்லை. கீ ஹின், ஹாய் சான் என்ற இரண்டு சீன இரகசியச் சங்கங்கள் சுரங்க உரிமைக்காகவும் நீர்வாய்க்காலுக்காகவும் 1861 முதல் ஆண்டுக்கணக்கில் மோதிக்கொண்டன. 1874-இல் பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தான பிறகுதான் அந்தச் சண்டை அடங்கியது. அதற்கு அடுத்த ஆண்டே பேராக்கின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் பர்ச் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். கிளர்ச்சியை அடக்க இந்தியாவிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் பிரிட்டிஷார் படைகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள்.

படைக்குச் சாப்பாடு வேண்டும். அரிசியும் கருவாடும் எண்ணெயும் காட்டு வழியே கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் வேண்டும். சிறு வயதிலிருந்து கடைச் சரக்கோடு பழகிய லோக் இயூவுக்கு அந்தக் குத்தகை கிடைத்தது. சுரங்கத்தில் இழந்தவருக்கு மீண்டும் கால் ஊன்ற இடம் கொடுத்தது அந்தப் படைதான். பிரிட்டிஷ் அதிகாரிகளிடம் சொன்ன சொல் தவறாத வியாபாரி என்ற பெயரையும் அது வாங்கிக் கொடுத்தது. பிறகு கமுந்திங் பக்கம் அவர் தோண்டிய சுரங்கத்தில் வளமான ஈயம் கிடைத்தது. அதன் பிறகு அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அபின், சூது, அடகு

லோக் இயூவின் செல்வம் சுரங்கத்திலிருந்து மட்டும் வரவில்லை. இன்றைய பிள்ளைகளுக்கு அவரைப் பற்றிச் சொல்லும்போது பலரும் விட்டுவிடுகிற பகுதி இது.

அந்தக் காலத்து அரசாங்கத்துக்கு வரி வசூலிக்கப் போதுமான ஆட்கள் இல்லை. அதனால் அபின், சாராயம், சூதாட்டம், அடகுக் கடை ஆகியவற்றின் மீதான வரி உரிமையைக் குத்தகைக்கு விட்டார்கள். குத்தகை எடுத்தவர் அரசாங்கத்துக்கு ஒப்புக்கொண்ட தொகையைக் கட்ட வேண்டும். அதற்கு மேல் வசூலாவது எல்லாம் அவருடையது. பேராக்கிலும் பிறகு சிலாங்கூரிலும் இத்தகைய குத்தகைகளை எடுத்தவர்களில் முதன்மையானவர் லோக் இயூ.

சுரங்கத்தில் வேலை செய்யச் சீனாவிலிருந்து வந்த கூலியாள், கப்பல் செலவைக் கழிக்கவே முதலில் பல மாதங்கள் உழைக்க வேண்டும். அவனுக்கு அரிசியும் எண்ணெயும் கடனில் கொடுக்கப்படும். விலை கடைத்தெருவைவிடக் கூடுதல். இடுப்பளவு தண்ணீரில் நின்று மண் வாரிய உடம்பு வலிக்கு அபின். ஓய்வு நாளில் சூதாட்டக் கொட்டகை. கையில் இருந்த கடைசிப் பொருளுக்கு அடகுக் கடை. ஆண்டுக் கடைசியில் கணக்குப் பார்த்தால் பற்று மிஞ்சும். மறு ஆண்டும் அதே சுரங்கம்.

முதலாளி கொடுத்த கூலி இப்படிச் சுற்றி வந்து மீண்டும் முதலாளி கைக்கும் குத்தகைக்காரர் கைக்கும் சேர்ந்தது. இரண்டும் ஒரே ஆளாக இருந்தால் லாபத்தைச் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது புதிய கதை இல்லை. தோட்டத்துக் கடையில் பற்று எழுதியதும், சம்பள நாளன்று கள்ளுக்கடையில் கூட்டம் நெரிந்ததும் பெரியவர்களுக்கு இன்னும் நினைவிருக்கும். கூலி குறைவு என்பது துயரத்தில் ஒரு பாதி. கிடைத்த கூலியும் கையில் தங்க விடாத ஏற்பாடு மறுபாதி.

லோக் இயூ சட்டத்துக்குப் புறம்பாக எதுவும் செய்துவிடவில்லை. அரசாங்கமே ஏலம் விட்ட உரிமை அது. அந்தப் பணத்தில்தான் அரசாங்கம் சாலையும் இரயில் பாதையும் போட்டது. ஆனாலும், 99 வெள்ளி சேர்த்த கடைப் பையன் கோடீஸ்வரரான கதையைச் சொல்லும்போது, மாதம் 2 வெள்ளிகூடச் சேர்க்க முடியாமல் போன அந்தக் கூலியாட்களின் உழைப்பையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

தம்புசாமி பிள்ளையோடு கூட்டு

1885-இல் கோலாலம்பூரின் கப்பித்தான் யாப் ஆ லோய் காலமானார். அவருக்குப் பின் வந்த ஆண்டுகளில் லோக் இயூ சிலாங்கூரில் பெரும்புள்ளியாக உருவெடுத்தார். 1886-இல் கோலாலம்பூரைக் கிள்ளான் பக்கத்தோடு இணைக்கும் இரயில் ஓடத் தொடங்கியது. மலாயாவில் அந்தக் காலத்து இரயில் பாதைகளைப் போட்டதில் தமிழ்த் தொழிலாளர்களின் பங்கு மிகப் பெரியது. மாட்டு வண்டியிலும் படகிலும் போன ஈயம் இரயிலில் போகத் தொடங்கியதும் சுரங்க முதலாளிகளின் செலவு குறைந்தது.

இந்தக் காலத்தில்தான் லோக் இயூவுக்குக் கா. தம்புசாமி பிள்ளையோடு கூட்டு ஏற்பட்டது. பத்துமலையில் முருகன் வழிபாட்டைத் தொடங்கி வைத்தவர் என்று நாம் போற்றும் அதே தம்புசாமி பிள்ளைதான். சிங்கப்பூரில் பிறந்து ராஃபிள்ஸ் கல்விக்கூடத்தில் ஆங்கிலம் படித்தவர். வழக்கறிஞர் டேவிட்சனிடம் எழுத்தராக இருந்தார். டேவிட்சன் 1875-இல் சிலாங்கூரின் முதல் ரெசிடெண்டாக நியமிக்கப்பட்டபோது அவரோடு வந்து அரசாங்கக் கருவூலத்தில் பணியாற்றியவர்.

இருவரும் சேர்ந்து ரவாங்கில் ஈயச் சுரங்கம் நடத்தினார்கள். சுரங்கத்தில் தேங்கும் தண்ணீரை இறைக்க 1894-இல் அங்கே மின்சாரத்தைப் பயன்படுத்தினார்கள். மலாயாவில் மின்சாரம் பயன்பாட்டுக்கு வந்தது அங்கேதான் முதலில் என்பது வரலாறு. ஒரு தமிழரும் ஒரு சீனரும் கூட்டாகப் போட்ட முதலில் ஏற்றிய விளக்கு அது.

ஒருவர் ஆங்கிலக் கல்வியால் மேலே வந்தவர். இன்னொருவர் பள்ளிக்கூட வாசலை மிதிக்காமல் வியாபாரத்தால் மேலே வந்தவர். இருவருக்கும் பொதுவான ஒன்று உண்டு. ஆட்சி அதிகாரத்தில் இருந்தவர்களோடு அவர்களுக்கு நல்ல பழக்கம் இருந்தது. எந்த நிலம் திறக்கப் போகிறது, எந்தக் குத்தகை ஏலத்துக்கு வருகிறது என்பது அவர்கள் காதுக்கு முன்னதாகவே வந்திருக்கும். லோக் இயூ சிலாங்கூர் அரசாங்க மன்றத்திலும் உறுப்பினராக இருந்தார். பகாங்கில் பெந்தோங் வட்டாரத்தில் பெரிய அளவில் சுரங்க நிலம் அவருக்குக் கிடைத்தது. பெந்தோங் ஊராக வளர்ந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

காலம் மாறியபோதும் அவர் பின்தங்கவில்லை. 1910-ஆம் ஆண்டையொட்டி அபின் வியாபாரத்தை அரசாங்கமே எடுத்துக்கொண்டது. அடுத்த சில ஆண்டுகளில் சூதாட்டக் குத்தகையும் ஒழிந்தது. குத்தகையையே நம்பியிருந்த பலர் சரிந்தார்கள். லோக் இயூ அதற்குள் கோலாலம்பூரில் வீடும் கடையும் நிலமுமாக வாங்கிக் குவித்திருந்தார். ரப்பர் தோட்டங்களிலும் முதல் போட்டிருந்தார். காற்று திரும்பும் திசையை முன்கூட்டியே பார்ப்பதில் அவருக்கு இணையாக அன்று அதிகம் பேர் இல்லை. மேடான் துவாங்குவில் அவர் குடியிருந்த மாளிகை இன்றும் நிற்கிறது.

படிக்காதவர் கட்டிய பள்ளிகள்

படிப்பு வாசனை இல்லாமல் வந்தவர், படிப்புக்குத்தான் அதிகமாக அள்ளிக் கொடுத்தார்.

1893-இல் கோலாலம்பூரில் விக்டோரியா கல்விக்கூடம் நிறுவப்பட்டது. விக்டோரியா மகாராணியின் பொன்விழாவுக்குத் திரட்டிய நிதியில் மிஞ்சியதோடு வட்டாரச் செல்வந்தர்கள் கொடுத்த நன்கொடையும் சேர்ந்து உருவான பள்ளி அது. லோக் இயூ, தம்புசாமி பிள்ளை, கப்பித்தான் யாப் குவான் செங் மூவரும் அதன் தொடக்கக் காலப் புரவலர்கள். பள்ளியின் விளையாட்டு இல்லங்கள் இவர்கள் மூவர் பெயரையும் தாங்கின. எத்தனையோ தமிழ் மாணவர்கள் அந்தப் பள்ளியில் படித்து மருத்துவராகவும் வழக்கறிஞராகவும் ஆனார்கள்.

ஹாங்காங் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டபோது லோக் இயூ 50,000 வெள்ளி நன்கொடை கொடுத்தார். பிறகு அந்தப் பல்கலைக்கழகம் பண நெருக்கடியில் சிக்கியபோது 5 இலட்சம் வெள்ளியை வட்டியில்லாக் கடனாகக் கொடுத்தார். 1917-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அந்தப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. பள்ளிக்கூடம் போகாத கடைப் பையனுக்குக் கிடைத்த பட்டம் அது. அங்குள்ள பெரிய மண்டபம் ஒன்று இன்றும் அவர் பெயரில் இருக்கிறது.

பட்டம் பெற்ற சில வாரங்களில், 1917 பிப்ரவரி 24-ஆம் தேதி, கோலாலம்பூரில் அவர் காலமானார். மலேரியாக் காய்ச்சல். காடு வெட்டித் தோட்டம் திறந்த தமிழர்களையும் சுரங்கம் தோண்டிய சீனர்களையும் கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோன அதே காய்ச்சல்தான். செத்தாபாக் பக்கம் அவருக்குச் சொந்தமாக இருந்த ஹாதோர்ன்டன் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். அந்த இடம் இப்போது வார்டிபர்ன் இராணுவ முகாமுக்குள் இருக்கிறது.

மகன் தொடங்கிய இடம்

அவர் இறந்தபோது கடைசி மகன் லோக் வான் தோவுக்கு இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. அந்தப் பிள்ளை வெளிநாட்டில் படித்துத் திரும்பி, தாயாரோடு சேர்ந்து சினிமாத் தொழிலில் இறங்கினார். 1939-இல் சிங்கப்பூரில் திறக்கப்பட்ட கேத்தே திரையரங்கமும் அதன் பின் வளர்ந்த கேத்தே நிறுவனமும் அவர் பெயரைச் சொல்லும். பறவைகளைப் படம் எடுப்பதிலும் உலக அளவில் பெயர் வாங்கினார். 1964-இல் தைவானில் நடந்த விமான விபத்தில் இறந்தார்.

லோக் வான் தோவும் திறமைசாலி, உழைப்பாளி. அதில் ஐயமில்லை. ஆனால் தகப்பன் 99 வெள்ளிக்கு நான்கு ஆண்டு காத்திருந்தார். மகன் அப்படி ஒரு நாளும் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு தலைமுறை சேர்த்ததை வைத்துத்தான் அடுத்த தலைமுறை எங்கிருந்து தொடங்குவது என்பது முடிவாகிறது.

நமக்கு உரிய பாடம்

லோக் இயூவின் வாழ்க்கையை வைத்து இரண்டு விதமாகப் பேசுவார்கள். உழைத்தால் யாரும் அவரைப் போல ஆகலாம் என்பது ஒன்று. எல்லாம் அதிர்ஷ்டம், உழைப்பில் ஒன்றும் இல்லை என்பது இன்னொன்று. அவர் கதை இரண்டுக்கும் இடம் கொடுக்கவில்லை.

மாதம் 2 வெள்ளி சேர்க்காமல் இருந்திருந்தால் அவர் கடைப் பையனாகவே இருந்திருப்பார். 60,000 வெள்ளி போனபோது சோர்ந்து ஊர் திரும்பியிருந்தால் இன்று அவர் பெயரில் சாலை இல்லை. இதெல்லாம் அவர் உழைப்பு, அவர் மனவுறுதி. அதே நேரத்தில், பேராக்கில் படை இறங்கியது அவர் உழைப்பால் இல்லை. ஈய விலை ஏறியதும் இரயில் பாதை வந்ததும் அவர் கையில் இல்லை. அபின் குத்தகை கிடைத்ததற்கு அதிகாரிகளின் நம்பிக்கையும் கையில் இருந்த முதலும் காரணம். எல்லாவற்றுக்கும் அடியில், பெயர் தெரியாத ஆயிரக்கணக்கான கூலியாட்களின் முதுகு இருந்தது.

40 ஆண்டுகள் விடியற்காலை 4 மணிக்கு எழுந்து, பெரட்டுக்கு நின்று, கொசுக்கடியில் பால்மரம் சீவிய அப்பாவும் அம்மாவும் ஓய்வு பெறும்போது குடியிருக்கச் சொந்த வீடுகூட இல்லாமல் வெளியேறிய கதைகள் நம் குடும்பங்களில் நிறைய உண்டு. அவர்கள் உழைக்கவில்லை என்று எவரும் சொல்ல முடியாது. உழைத்தால் உயரலாம் என்பதை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு நிறுத்தினால், உயராதவர்கள் எல்லாம் சோம்பேறிகள் என்று அந்தப் பிள்ளை தன் தாத்தா பாட்டியையே தவறாக நினைத்துவிடும்.

சேமிப்பும் தளராத மனமும் வேண்டும் என்பதை லோக் இயூவின் இளமையிலிருந்து சொல்லிக் கொடுக்கலாம். கடனும் குடியும் சூதும் சேர்ந்தால் எவ்வளவு உழைத்தாலும் கையில் ஒன்றும் தங்காது என்பதை அவருடைய கூலியாட்களின் நிலையிலிருந்து சொல்லிக் கொடுக்கலாம். அன்று அபின் கொட்டகை இருந்த இடத்தில் இன்று வட்டி முதலைகளும் இணையச் சூதாட்டமும் இருக்கின்றன. பெயர்தான் மாறியிருக்கிறது.

படிக்காமலே பெரும் பணக்காரரான அந்த மனிதர், பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டியது பள்ளிக்கூடத்திலும் பல்கலைக்கழகத்திலும். அவர் வழியில் சுரங்கமும் குத்தகையும் இனி எவருக்கும் கிடைக்காது. அவரும் தம்புசாமி பிள்ளையும் பணம் போட்டு வளர்த்த வழி இன்னும் திறந்தே இருக்கிறது. நம் வட்டாரத்தில் ஒரு பிள்ளை புத்தகம் வாங்கவோ பேருந்துக் கட்டணம் கட்டவோ வழியில்லாமல் படிப்பை நிறுத்தும் நிலை வந்தால், அந்த நேரத்தில் அந்தப் பிள்ளைக்குத் தேவைப்படுவது உழைப்பைப் பற்றிய அறிவுரை இல்லை. மாதம் 2 வெள்ளி எடுத்து வைக்கிற பத்துப் பேர் சேர்ந்தால் அந்தப் பிள்ளையின் படிப்பு நிற்காது.